வீட்டில் இணையம் மந்தமாவது ஏன்? மலைநாட்டு இல்லங்களுக்குச் சில குறிப்புகள்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்டபோது, தமிழாசிரியரிடம் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் பொருளொன்றையே நாமும் எண்ணியிருந்தோம். இலக்கிய நயம்பற்றி எழுதுதல் எமக்கு எளிது, படிப்போர்க்கும் பழகியது. ஆயினும் அண்மையில் நாம் செய்த பிழையொன்றும், அதனைத் திருத்தப் புகுந்து நாம் கற்றுக்கொண்டனவும் பழைய மாணவர்க்கும் இக்கால மாணவர்க்கும் கூடுதலாகப் பயன்படும் எனத் தோன்றியமையால், இப்பொருளையே எடுத்துக்கொண்டோம். தமிழாசிரியனுக்கு ரவுட்டரில் என்ன வேலை என நகைப்போர் நகைக்கலாம். நாமும் முன்னர் அவ்வாறே நகைத்தோம்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், மாலை 7 மணிக்கு நாம் நடத்திவந்த இணைய வகுப்பில் ஐந்து நிமிடம் இருப்பான், பின்பு மறைவான், மீண்டும் தோன்றுவான். ஒருநாள் காரணம் கேட்டோம். "சார், நெட்டு சுத்திக்கிட்டே இருக்குங்க" என்றான். "சுற்றுவது நெட்டன்று, நீதான்" என்று வகுப்பார் அனைவர் முன்னிலையிலும் கூறினோம். எல்லாரும் சிரித்தனர். அதன்பின் அவன் வகுப்புக்கு வருதலையே விட்டுவிட்டான். பதிவேட்டிலே தொடர்ந்து ஒன்பது நாட்கள் 'வரவில்லை' எனக் குறித்தோம். பத்தாம் நாள் அவன் தந்தையார் கல்லூரிக்கு வந்து, பிள்ளையைப் பதுளை நகரில் அறையொன்றில் தங்கவைக்க எண்ணியிருப்பதாகவும், மனைவி கொழுந்து பறித்துப் பெறும் சம்பளத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடுமென்றும், இயலாவிடின் படிப்பை நிறுத்திக் கொழும்பிலே கடையொன்றிற் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் அவ்வீட்டுக்குப் புறப்பட்டோம்.

ஊவா மலைகளுக்கு இத்தொல்லை புதிதன்று. 2020 மார்ச்சு மாதத்திற் கொவிட் நோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபின், பிள்ளைகள் கற்பாறைகளிலும் குன்றுகளின் உச்சிகளிலும் கைப்பேசியும் கையுமாக இருந்ததை நாம் அறிவோம். 2021 இல் லுணுகலைப் பகுதியிற் காட்டு மலையொன்றின் மேல் மரத்திலே கட்டப்பட்ட பரணில் ஏறிப் பிள்ளைகள் பாடங் கேட்ட செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. அந்நாட்களிற் குறை கோபுரம் இன்மை. இன்று பல தோட்டங்களில் அக்குறை ஓரளவு நீங்கியுள்ளது. வீட்டுக்குள் ரவுட்டரும் வந்துவிட்டது. வந்தபின்னும் 'சுற்றுகின்றது' என்றால், குற்றம் எங்கே உள்ளது என ஆராய்தல் வேண்டும்.

லயத்துப் பீலியை நினைவிற் கொள்க. மலையூற்றிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து குழாய்வழியே பீலிக்கும் நீர் வருகின்றது. பீலியிலிருந்து குடத்தில் ஏந்திக் காம்பராவுக்குக் கொண்டுபோகின்றோம். குடம் நிறையச் சுணங்கினால், ஊற்று வற்றியதா, குழாய் அடைத்ததா, ஒரே வேளையில் இருபது குடங்கள் வரிசையில் நிற்கின்றனவா, அன்றிக் குடத்தில் ஓட்டையா என்று பார்ப்போமேயன்றி, எடுத்த எடுப்பில் ஊற்றைப் பழிப்பதில்லை. இணையமும் அவ்வாறே. வெளியிலிருந்து ரவுட்டர்வரை வருவது இணைய இணைப்பு. ரவுட்டரிலிருந்து கைப்பேசிவரை செல்வது வைஃபை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதலே பெரும்பாலார் செய்யும் முதற் பிழை. கைப்பேசியின் மூலையில் வைஃபைக் கோடுகள் நிறைந்து நிற்பது, ரவுட்டருக்கும் கைப்பேசிக்கும் உள்ள உறவு நன்று என்பதை மட்டுமே காட்டும். பீலிக்கு அருகில் நிற்கின்றோம் என்பதனால் பீலியில் நீர் வருகின்றது என ஆகாதன்றோ?

ஆதலின் முதற் சோதனை இது. ரவுட்டருக்கு ஒரு முழத் தொலைவில் அமர்ந்து, வீட்டிலுள்ள ஏனைய கருவிகளை நிறுத்திவிட்டு, வேகம் அளக்கும் செயலி ஒன்றால் அளக்க. கணினி இருப்பின் கேபிளால் நேரே இணைத்து அளத்தல் இன்னும் நன்று. பின்பு வழக்கமாகப் படிக்கும் இடத்துக்குச் சென்று மீண்டும் அளக்க. அருகில் விரைவாயும் அப்பால் மந்தமாயும் இருப்பின் குற்றம் வீட்டினுள்ளே உள்ளது. இரண்டிடத்தும் மந்தமெனில் குற்றம் வெளியே. இதனை விடியற்காலை 5 மணிக்கும், நண்பகலிலும், இரவு 8 மணிக்கும் மூன்று நாட்கள் செய்து அப்பியாசப் புத்தகத்தில் எழுதிவைக்க. விடியலில் விரைவும் இரவில் மந்தமுமாயின், கோபுரத்திலோ வழியிலோ கூட்டம் மிகுந்துள்ளது என்பது பெறப்படும். எழுதாமல் நினைவை நம்புதல் கூடாது. மந்தமான இரவு ஒன்று விரைவான பத்து விடியல்களை மறக்கச் செய்துவிடும்.

அளவைபற்றி ஒரு சொல். இணைப்பின் வேகம் மெகாபிட்டில் கூறப்படும். கோப்பின் பருமன் மெகாபைற்றில் கூறப்படும். எட்டுப் பிட்டு ஒரு பைற்று. ஆகவே விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் 100 மெகாபைற் கோப்பு இறங்க 100 விநாடி செல்லும், ஏமாற்றம் ஏதுமில்லை. முகம் தெரியும் இணைய வகுப்பொன்றுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 1 மெகாபிட் போதும். குரல் மட்டுமெனில் அதிற் பத்திலொரு பங்கே அமையும். எனவே 20 மெகாபிட் பொதி வாங்கினால் வகுப்பு அறாது என எண்ணுதல் வீண். வகுப்பை அறுப்பது பெரும்பாலும் வேகக் குறைவன்று. செய்தி சென்று மீளும் தாமதமும், வழியில் அது தொலைந்துபோதலுமே. கணினியில் 'பிங்' என்னும் கட்டளையால் ரவுட்டரை விளித்தால், அது சில மில்லி விநாடியில் விடைதர வேண்டும். ஒருகால் 3, ஒருகால் 250, ஒருகால் விடையே இல்லை எனத் தடுமாறின் வைஃபை நோயுற்றுள்ளது என அறிக.

சோதனைக்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மாதப் பொதியில் ஒதுக்கிய ஜீபீ தீர்ந்துவிட்டதா என்பதே அது. தீர்ந்தபின் இணைப்பை முற்றாக அறுக்காமல் வேகத்தைச் சுருக்கிவிடும் பொதிகள் பல. இரவுக்கெனத் தனியாகவும் பகலுக்கெனத் தனியாகவும் பிரித்த பொதிகளில், பகற்பங்கு தீர்ந்து இராப்பங்கு நிறைந்து கிடத்தலும் உண்டு. மாதக் கடைசியில் மட்டும் வரும் மந்தத்துக்கு மருந்து கடையிலன்று, கணக்கிலேயே உள்ளது.

இனி வீட்டுக்குள் நுழைவோம். வைஃபை என்பது வானொலி அலையே. அது பலகையையும் துணியையும் எளிதில் ஊடுருவும். கருங்கற் சுவரில் மெலியும். தகரத்தில் மோதித் திரும்பும். பழைய லயங்களின் சுவரும் கூரையும் எவற்றால் ஆயவை என்பதை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ரவுட்டரை நிலத்தில் வைத்தலும், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னே ஒளித்தலும், இரும்பு அலுமாரிமேல் ஏற்றுதலும், நிலைக்கண்ணாடிக்கு அருகே வைத்தலும் ஆகா. கண்மட்ட உயரத்தில், நாற்புறமும் திறந்த இடத்தில், பயன்படுத்துவோர்க்கு நடுவில் அது இருத்தல் வேண்டும். இவ்விடத்து நம் நாணத்தை விட்டு ஒன்று கூறுவோம்: பதுளையிலுள்ள எமது வீட்டில் ரவுட்டர் நான்கு ஆண்டுகளாக இரும்பு அலுமாரிக்குப் பின்னே இருந்தது. அழகுக்காக அங்கே வைத்தவர் நாமே. எமது மனைவியார் சமையலறையில் கைப்பேசி வேலை செய்யவில்லை என்று சொன்னபோதெல்லாம், கைப்பேசி பழையது என்று விடையளித்து வந்தோம். அலுமாரியைவிட்டு மூன்றடி விலக்கியவுடன் அக்கைப்பேசி இளமை பெற்றது.

பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளைத் தருகின்றன. முன்னது தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு கடக்கும். ஆயின் நெரிசல் மிக்கது. பின்னது விரைவானது, சுவர் இரண்டைக் கண்டால் சோர்ந்துவிடும். ஒரே அறையில் இருப்போர் 5 ஐயும், அப்பாலிருப்போர் 2.4 ஐயும் தேர்தல் தக்கது. முன்னதன் நெரிசல் லயத்திலே பெரிது. பத்துக் காம்பராக்கள் ஒட்டிநிற்க, ஒவ்வொன்றிலும் ஒரு ரவுட்டர் ஒரே வாய்க்காலில் பேசினால், ஒன்று பேசி முடியும்வரை மற்றவை காத்துநிற்க நேரும். 2.4 இல் ஒன்றோடொன்று மோதாத வாய்க்கால்கள் 1, 6, 11 என மூன்றே. அயல்வீட்டார் எதில் உள்ளனர் என்பதைக் கைப்பேசிச் செயலியால் அறிந்து, ஒழிந்திருப்பதை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலே தேர்ந்துகொள்ளலாம். அயலவரோடு பேசி மூன்றையும் பங்கிட்டுக்கொண்டால் அனைவர்க்கும் நலம். கடவுச்சொல்லை ஊரறியச் சொல்லிவைப்பதும் மந்தத்துக்குக் காரணமாகும், விருந்தோம்பலுக்கும் எல்லையுண்டு.

தொலைவிலுள்ள அறைக்கு வலியூட்டும் கருவி ஒன்றை வாங்கி அந்த அறையிலேயே மாட்டுகின்றனர். அங்கே வரும் அலையே மெலிந்ததாயின், அது மெலிவையே திரும்பப் பரப்பும். பாதிவழியில் வைத்தல் வேண்டும். வைத்தாலும், ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுக்கும் கருவி வேகத்தில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடும். கேபிள் ஒன்றை இழுத்துவிடுதலே எமது துணிபு. அது 100 மீற்றர்வரை சோர்வின்றிச் செல்லும்.

குற்றம் வெளியே எனத் தெளிந்தால் வேறு வகையில் ஆராய வேண்டும். நம் தோட்டங்களில் மிகுதியாயுள்ளது 4ஜி ரவுட்டர். அதன் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எஸ்ஆர்பி' என்றொரு எண் கழித்தற் குறியோடு நிற்கும். −85 நன்று, −100 அமையும், −115 நலிவு. கழித்தல் எண்ணாதலாற் சிறுவர் மயங்குவர். பெரியவர் இன்னும் மயங்குவர். டெசிபெல் கணக்கில் 10 குறைந்தால் வலு பத்திலொன்றாகும். 20 குறைந்தால் நூறிலொன்றாகும். ஆதலால் −85 க்கும் −115 க்கும் உள்ள இடைவெளி ஆயிரம் மடங்கு. 'எஸ்ஐஎன்ஆர்' என்பது மற்றோர் எண். இரைச்சலுக்கு மேலே குரல் எவ்வளவு உயர்ந்து கேட்கின்றது என்பதை அது காட்டும். 10 க்கு மேல் நன்று. சுழிக்குக் கீழாயின் சந்தையிற் பேசுவது போலாம். இவ்விரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே ரவுட்டரை வீட்டின் ஒவ்வொரு சன்னலுக்கும் கொண்டுசென்று, ஓரிடத்தில் இரண்டு நிமிடம் வைத்துக் குறித்துக்கொள்க. ஒரு காசும் செலவில்லாத இவ்வொரு செயலாற் பெறும் பயன் வேறெதனாலும் பெறப்படாது. இருக்கும் ரவுட்டரின் இடம் வைஃபைக்கு ஏற்றதாயும் கோபுரத்துக்கு ஏலாததாயும் இருப்பின், கோபுரத்துக்கே முதலிடம் தருக. உள்ளே கேபிளால் ஈடுசெய்துகொள்ளலாம்.

மலைநாட்டிலே கோபுரம் அருகில் இருத்தல் போதாது. அதற்கும் நமக்கும் இடையே குன்று இருத்தலாகாது. 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த நமுனுக்குலை நமக்கு அழகுதான்; அதன் மறைவிலுள்ள வீட்டுக்கோ அது அலையைத் தடுக்கும் சுவர். தாழ்ந்த அதிர்வெண் அலை குன்றை ஓரளவு வளைந்து வரும், உயர்ந்தது வாராது. மூடுபனியால் இணையம் மந்தமாகின்றது என்று நம்மவர் பலர் சொல்வர். 4ஜி அலைக்கு மூடுபனி ஒரு பொருட்டன்று, மழையும் பெரிதன்று. குற்றம் மழையில் நனைந்த மரத்தழைமேலது. ஈர இலை அலையை உறிஞ்சும். பனிநாளில் இலையும் நனைந்தேயிருத்தலாற் பழி பனிமேல் விழுந்தது.

இவ்வளவிலும் எண் உயராவிடின், கூரைக்கு மேலே கம்பத்தில் வெளி அண்டெனா அமைக்கலாம். ரவுட்டரில் அதற்கான துளை உண்டா என முதலிற் பார்க்க. கம்பிவடம் நீள நீள அண்டெனா ஈட்டியதை அதுவே செலவழித்துவிடுமாதலின், வடம் குறுகியிருத்தல் நன்று. இடிமின்னல் மிகுந்த ஊராதலாற் கம்பத்தைப் புவித்தொடுப்புச் செய்யாது விடலாகாது. கோபுர அலையைப் பெருக்கும் கருவிகள் என மலிவாக விற்பவற்றை வாங்கற்க. வானொலி அலை பரப்பும் கருவிகளை அனுமதியின்றி வைத்திருத்தல் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு மாறு. அன்றியும் அவை அயலார் அனைவரது இணைப்பையும் கெடுக்கும். கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்: கனடாவில் வாங்கிய 4ஜி ரவுட்டரை அன்போடு அனுப்பாதீர்கள். அந்நாட்டு 4ஜி அலைவரிசைகள் பலவும் இங்குள்ளவற்றோடு ஒவ்வா. அதற்குரிய பணத்தை அனுப்பினால் இங்கே பொருத்தமானது கிடைக்கும்.

நகரில் செப்புக்கம்பி இணைப்புள்ளோர், டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்க. கரகரப்பு இருப்பின் எங்கோ மூட்டு துருப்பிடித்துள்ளது. நிலையத்திலிருந்து கம்பியின் நீளம் கூடக்கூட வேகம் தேயும்; ஐந்து கிலோமீற்றர் அப்பாலுள்ளார் ரவுட்டரை மாற்றிப் பயனில்லை. இழை இணைப்புள்ளோர், பெட்டியில் 'எல்ஓஎஸ்' எனும் செவ்விளக்கு எரிகின்றதா என்று நோக்குக. எரிந்தால் ஒளி வரவில்லை. இழையைக் கூரிய கோணமாக மடித்து ஆணியடித்தவர் வீட்டுக்காரராகவே இருத்தலும் கூடும்.

மின்னும் மின்சாரமும் வேறு. சித்திரை, ஐப்பசி மாதத்து மாலை இடிமுழக்கங் கேட்டவுடன் மின்செருகியை மட்டுமன்றிச் செப்புக்கம்பியையும் கழற்றிவிடுக. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்றதை மறந்திரோம். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த குரங்கொன்று நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. ரவுட்டருக்கெனச் சிறு மின்கல அடுக்கொன்று வைத்தால் சில மணிநேரம் தாங்கும். ஆயினும் கோபுரத்தின் மின்கலம் தீர்ந்தபின் நம்முடையது மட்டும் விழித்திருந்து என் செய்யும்? 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலால் நம் மாவட்டத்தின் மலைகள் சரிந்தபோது, தொடர்பின்றி உறவினரின் உயிர்நிலை அறியாது தவித்தோர் இதனை நன்கறிவர். 2025 ஜூலையில் இலங்கையிற் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதிகளால் இயங்குவதாதலின் கோபுரத்தையும் குன்றையும் நம்பியிராது. வானம் திறந்திருந்தாற் போதும். விலையோ லயத்தார்க்கு எட்டாது. ஒரு தோட்டத்து வாசிகசாலைக்கு அதனை வாங்கித் தருதல் பழைய மாணவர் சங்கத்துக்கு எட்டாததன்று என்பதை மட்டும் இங்கே குறித்து அப்பாற் செல்கின்றோம்.

மீண்டும் பசறைக்கு வருவோம். அவ்வீட்டில் ரவுட்டர் உட்காம்பராவிற் சாமிப்படத் தட்டின்மீது, தகரக் கூரைக்கு ஒரு சாண் கீழே பயபக்தியோடு வைக்கப்பட்டிருந்தது. எண் −118. இஸ்தோப்புச் சன்னலுக்குக் கொண்டுவந்தோம், −98 ஆயிற்று. நூறு மடங்கு. தாயார் கைகூப்பினார், எமக்கு நாணமாயிருந்தது. ஆயினும் மாலையில் வகுப்பு மீண்டும் அறுந்தது. அப்பியாசப் புத்தகத்தை நோக்கினால், விடியலில் 14 மெகாபிட், இரவு 8 மணிக்கு 1.2. கோபுரத்து நெரிசல் அது, நம்மால் ஆவதன்று. அதன்மேலும் ஒன்று இருந்தது. அண்ணன் வேலைவிட்டு 7 மணிக்கு வந்தவுடன், அவனது கைப்பேசி அன்றைய படங்களையும் காணொளிகளையும் தானாகவே மேலே அனுப்பத் தொடங்கும். மேல்நோக்கிச் செல்லும் வழி இயல்பிலேயே ஒடுக்கமானது. அது நிறைந்துவிட்டால், தம்பி கேட்கும் பாடத்துக்குரிய 'பெற்றேன், அடுத்ததை அனுப்பு' எனும் சிறு விடைகளும் அவ்வரிசையின் கடைசியில் நின்றுவிடும். கீழ்நோக்கு வழி வெறிதாயிருந்தும் பாடம் வாராது. இதைத்தான் அவன் 'சுத்துது' என்றான். அண்ணனின் கைப்பேசியில் அவ்வொரு அமைப்பை நள்ளிரவுக்கு மாற்றினோம்.

எஞ்சிய நெரிசலுக்கு மருந்து எம்மிடமே இருந்தது. வகுப்பை விடியற்காலை 5 மணிக்கு மாற்றினோம். முகங் காட்டுவதை விட்டுக் குரலையும் பாடக் குறிப்பையும் மட்டும் அனுப்பினோம். வேறு நான்கு மாணவரும் அதன்பின் வரத் தொடங்கினர். அவர்களையும் நாம் சோம்பேறிகள் என்றே கருதியிருந்தோம். பதிவேட்டில் இட்ட ஒன்பது குறிகளையும் அதிபரின் இசைவோடு திருத்தி, அம்மாணவனிடம் வகுப்பார் முன்னிலையிலேயே எமது பிழையைச் சொன்னோம். "பரவாயில்லைங்க சார்" என்று அவன் கூறித் தலைகுனிந்தான்.

இப்போது மழைக்காலத்தில் எண் மீண்டும் −106 இல் நிற்கின்றது. சன்னலுக்கு நேரே நிற்கும் சவுக்கு மரமே காரணம் என்று அவனே கண்டுபிடித்து, மழைக்கு முன்னும் பின்னும் அளந்த கணக்கைக் கொண்டுவந்து காட்டினான். கிளை இரண்டைக் கழித்தாற் போதும். தோட்டத்து மரமாதலால் துரையின் அனுமதி வேண்டும். கடிதத்தை நாம் எழுதிக் கொடுத்துள்ளோம்.